டபுள் சஸ்பென்ஷன் கேட்கும் முன் காலை அளந்து பாருங்கள்!

மகர்பட்டாவிலிருந்து மலைப்பாதைக்கு ஒரு சைக்கிள்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைக் கண்டு மயங்கக் கூடாது?

மகர்பட்டா சிட்டிக்குள் சைக்கிள் ஓட்டுவதற்கு சஸ்பென்ஷனே தேவையில்லை. சீரான தார்ச்சாலை, இருபுறமும் மரங்கள், அளவோடு போட்ட வேகத்தடைகள். புனேயின் கிழக்கே, ஹடப்ஸரில், ஒரு காலத்தில் கரும்பு விளைந்த மண் இது. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் வயலை பில்டரிடம் விற்றுவிட்டு நகராமல், 400 ஏக்கருக்கு மேல் ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி எழுப்பிய நகரியம். 2000-ல் வேலை தொடங்கியது. இன்று இங்குள்ள சைபர்சிட்டிக் கட்டடங்களுக்கு வேலைக்கு வருபவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

வாயிலைத் தாண்டினால் நிலைமை வேறு. சாஸ்வட் சாலையில் தெற்கே போய் வட்கியைக் கடந்தால் திவே காட் ஏற்றம். ஆஷாட ஏகாதசிக்காக ஞானேஸ்வரர் பல்லக்கு பண்டரிபுரம் போகும்போது, ரதத்தை மேலே இழுக்கக் கூடுதலாகப் பல ஜோடி மாடுகளைப் பூட்டும் ஏற்றம் அது. கோண்ட்வா பக்கம் திரும்பினால் போப்தேவ் காட். சோலாப்பூர் சாலையில் லோணி கால்போர் வரை போய் உள்ளே இறங்கினால் ராம்தரா கோயிலுக்குப் போகும் கிராமத்துப் பாதை. நகருக்கு நடுவிலேயே வேதாள் டேக்டி என்ற குன்று இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். புனே நகரின் உயரமான இடங்களில் ஒன்று. அந்தக் குன்றுப் பாதைகளில் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையும், காலுக்கடியில் உருளும் சரளையும், மழை விட்டதும் டயரை விடாமல் பிடித்துக்கொள்ளும் சேறும்தான்.

திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம், சனி ஞாயிறு மலை. இரண்டுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்று கேட்பவரைக் கடைக்காரர் நேராக மவுன்டன் பைக் வரிசைக்கு அழைத்துப் போகிறார். பட்ஜெட் என்ன என்பது அவருடைய முதல் கேள்வி. சிங்கிள் சஸ்பென்ஷனா, டபுளா என்பது இரண்டாவது. இருபத்தேழரையா, இருபத்தொன்பதா என்பது மூன்றாவது. உங்கள் கால் எவ்வளவு நீளம் என்று கேட்கும் கடைக்காரர் அபூர்வம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். வாங்கிய சைக்கிளில் சீட்டை மாற்றலாம், டயரை மாற்றலாம், கியரை மாற்றலாம், முன் ஃபோர்க்கைக்கூட மாற்றலாம். ஃபிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள்.

அப்பா காலத்து 22 இன்ச்

நம் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. ராலே, ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ என்று எந்தக் கம்பெனி ஆனாலும் ‘22 இன்ச்சா, 24 இன்ச்சா’ என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். அந்த எண் சக்கரத்தைக் குறித்தது அல்ல. பெடல் அச்சிலிருந்து சீட் வரை மேலே எழும் குழாயின் நீளத்தைக் குறித்தது. குள்ளமானவருக்கு 22, நெட்டையானவருக்கு 24. சக்கரம் இரண்டுக்கும் ஒரே 28 இன்ச்தான்.

பிறகு ஹெர்குலிஸ் எம்.டி.பி., ஹீரோ ரேஞ்சர் மாதிரியான சைக்கிள்கள் வந்தன. நேரான ஹேண்டில்பார், கட்டை டயர், 26 இன்ச் சக்கரம். கியரும் கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது. மலைச் சைக்கிளின் தோற்றம் மட்டும் உண்டு. அப்போதிலிருந்து ‘எத்தனை இன்ச் சைக்கிள்?’ என்ற கேள்விக்கான பதில் சக்கரத்தின் அளவாக மாறியது. தமிழ்நாட்டு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தரும் விலையில்லா மிதிவண்டியிலும் மாணவருக்கு ஒரு மாடல், மாணவிக்கு ஒரு மாடல், அவ்வளவுதான். உயரமான பையன் சீட்டைத் தூக்கிக்கொள்வான், குள்ளமானவன் இறக்கிக்கொள்வான். 2017, 2018-ல் ஓஃபோ, மோபைக், பெடல் என்று புனே தெருக்களுக்கு வந்து சில ஆண்டுகளிலேயே காணாமல் போன வாடகை சைக்கிள்களும் எல்லோருக்கும் ஒரே ஃபிரேம்தான்.

பள்ளிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போக அது போதும். இரண்டு மணி நேரம் சரளைப் பாதையில் ஏறி இறங்க அது போதாது.

இன்றைய மவுன்டன் பைக்கில் 26, 27.5, 29 என்று சொல்வதெல்லாம் சக்கரம். டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் முறையே 559, 584, 622 மில்லிமீட்டர். ஃபிரேம் அளவு தனி. சில கம்பெனிகள் அதை 15, 17, 19, 21 என்று இன்ச்சில் எழுதும். சில எஸ், எம், எல், எக்ஸ்.எல். என்று எழுதும். பெரும்பாலும் சீட் குழாயின் அடியில் சிறிய ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். விளம்பரத்தில் 29 என்ற எண் பெரிதாக இருக்கும். 17 என்ற எண்ணைக் குனிந்து தேட வேண்டும்.

ஒரு புத்தகம், ஒரு பென்சில், ஒரு டேப்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. செருப்பு இல்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, அதன் முதுகு மேலே இருக்கும்படி, சைக்கிள் சீட் அழுத்தும் அளவுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் ஓரம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மேல் விளிம்பை இன்னொருவர் பென்சிலால் கோடு போடட்டும். தரையிலிருந்து கோடு வரை உள்ள நீளமே உள்கால் அளவு. இரண்டு முறை அளப்பது நல்லது. முதல் முறை கூச்சத்தில் யாரும் புத்தகத்தைச் சரியாக அழுத்துவதில்லை.

சென்டிமீட்டரில் கிடைக்கும் அந்த எண்ணை 0.226-ஆல் பெருக்கினால், மவுன்டன் பைக் ஃபிரேம் அளவு இன்ச்சில் ஏறக்குறையக் கிடைக்கும். உள்கால் 77 செ.மீ. என்றால் 17.4. அதாவது 17 இன்ச், எம் அளவு.

உயரத்தை மட்டும் பார்த்தால் போதாதா? 170 செ.மீ. உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கால் குட்டை, உடல் நீளம், உள்கால் 74. மற்றவருக்குக் கால் நெட்டை, உள்கால் 80. முதலாமவருக்கு 16.7, இரண்டாமவருக்கு 18.1 என்று கணக்கு வருகிறது. ஒரே உயரம், ஆனால் ஏறக்குறைய ஒரு சைஸ் வித்தியாசம். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் உயர அட்டவணை (155 முதல் 167 செ.மீ. வரை எஸ், 178 வரை எம், 186 வரை எல் என்று ஏறக்குறைய இப்படி இருக்கும்) தேடலைத் தொடங்க உதவும். முடிவை அதன் கையில் விட்டுவிட முடியாது.

அதே உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால் சீட்டின் உயரம் வரும்: பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. 77 செ.மீ. காலுக்கு 68 செ.மீ. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்து, இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி உட்கார்ந்துதான் ஓட்டிப் பழகியிருக்கிறோம். மலை ஏறும்போது முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு முக்கியமான காரணம் இந்தப் பழக்கம்.

அடுத்தது நின்று பார்க்கும் சோதனை. சைக்கிளின் மேல் குழாய்க்கு இரு பக்கமும் கால் வைத்து நின்றால், குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். சோலாப்பூர் சாலைச் சிக்னலில் திடீரென்று காலை ஊன்றும்போதும், டேக்டி இறக்கத்தில் சட்டென்று குதித்து நிற்கும்போதும் இந்த இடைவெளியின் அருமை தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இதை ஊகிக்க உதவும் ‘ரீச்’ என்ற அளவை இப்போது கம்பெனிகள் தங்கள் அட்டவணையில் கொடுக்கின்றன. மவுன்டன் பைக் ஃபிரேம்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் முன்பக்கமாக நீண்டிருக்கின்றன. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் குறுகியிருக்கிறது. அதனால் ஒரு கம்பெனியின் 17 இன்ச்சும் இன்னொரு கம்பெனியின் 17 இன்ச்சும் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றாக இருப்பதில்லை. ஃபிரேம் பெரிதாக இருந்தால் கை விறைத்து நீளும், உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்தும் இடுப்பும் வலிக்கும். சிறிதாக இருந்தால் திருப்பத்தில் முழங்கால் ஹேண்டில்பாரை உரசும். சீட் கம்பியை அதில் பொறித்த எச்சரிக்கைக் கோட்டையும் தாண்டி வெளியே இழுக்க வேண்டியிருக்கும். அப்படி இழுப்பது ஆபத்து. ஃபிரேம் அந்த இடத்தில் விரிசல் விடலாம்.

ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் எந்த மெக்கானிக்காலும் முடியாது. இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர், டேக்டியில் வளைந்து நெளிந்து ஓட்டுவதென்றால் சிறியதையும், நீண்ட சாலையில் ஓட்டுவதென்றால் பெரியதையும் எடுப்பது வழக்கம்.

இங்கே இரண்டு தப்புகள் அடிக்கடி நடக்கின்றன. ‘வளர்ற பையன்தானே, பெரிய சைஸாவே குடுங்க’ என்று பள்ளி யூனிஃபார்ம் கணக்கில் சைக்கிள் வாங்குவது ஒன்று. கால் எட்டாத, பிரேக் லீவர் விரலுக்கு அடங்காத சைக்கிளில் இறக்கத்தில் விடப்படும் பிள்ளை, வளரும் வரை அதற்குப் பயந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, பெண்களுக்கு ‘லேடீஸ் மாடல்’ என்று காட்டப்படும் சைக்கிள். மேல் குழாயை வளைத்துத் தாழ்த்தியிருப்பார்கள், நிறத்தை மாற்றியிருப்பார்கள். ஆனால் ஹேண்டில்பாரின் தூரம் எம் அளவுக்கு உரியதாகவே இருக்கும். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குத் தேவை 14 அல்லது 15 இன்ச் ஃபிரேம். அது ஆண்கள் மாடலில் இருந்தாலும் தவறில்லை.

சஸ்பென்ஷன் இல்லாமல் பிறந்த விளையாட்டு

மவுன்டன் பைக்கின் பிறப்பிடம் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி. அங்குள்ள பைன் மலைச் சரிவில் 1976 அக்டோபரில் ‘ரீபேக்’ என்ற பந்தயம் தொடங்கியது. சுமார் மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் 400 மீட்டர் இறக்கம். ஓட்டியவை, குப்பையில் போட வேண்டிய பழைய பலூன் டயர் சைக்கிள்கள். ஒரு தடவை இறங்கினாலே பின்சக்கர பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் வெந்து புகையும். மறுபடி கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். பந்தயத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், டாம் ரிட்சி எல்லோரும் அந்த வட்டத்தில் வந்தவர்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடலைப் பெரிய அளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதிலும் சஸ்பென்ஷன் இல்லை. அதிர்வை வாங்கியவை கட்டை டயரும் ஓட்டுபவரின் மடங்கிய முழங்கைகளும்தான்.

முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வியாபார அளவில் வந்தது ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தொடங்கிய 1989-க்குப் பிறகு. அதன் முதல் ஃபோர்க் அமுங்கிய தூரம் சுமார் இரண்டு இன்ச். 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டு அந்தக் கம்பெனியின் ஃபோர்க்கைத்தான் ஓட்டினார். 1996-ல் அட்லாண்டாவில் மவுன்டன் பைக் ஒலிம்பிக்கிலும் இடம்பிடித்தது.

சஸ்பென்ஷன் எது நல்லது என்று இன்றும் வாதாடுபவர்கள் 2012 லண்டன் ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கலாம். தங்கம் வென்ற செக் குடியரசின் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஓட்டியது 29 இன்ச் சக்கரமும் முன்பின் சஸ்பென்ஷனும் உள்ள சைக்கிள். வெள்ளி வென்ற சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் ஓட்டியது 27.5 இன்ச் சக்கரமும் முன்பக்க சஸ்பென்ஷன் மட்டுமே உள்ள ‘ஹார்ட்டெயில்’. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு விநாடி. நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் ஷுர்ட்டர் முன்பின் சஸ்பென்ஷன் சைக்கிளில் தங்கம் வென்றார். உலகின் முதல் வரிசை வீரர்களுக்கே அந்த வித்தியாசம் விநாடிக் கணக்கில்தான் இருந்தது. அவர்கள் இருவரிடமும் இருந்தது விலை உயர்ந்த சஸ்பென்ஷன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் 15,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘டபுள்’ வேறு ஜாதி.

ஸ்பிரிங்கும் அதை அடக்குபவரும்

சஸ்பென்ஷனில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி அதிர்ச்சியை வாங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல், நிதானமாகத் திரும்பும்படி டேம்பர் அடக்குகிறது. எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் போய் வருவதால் இது நடக்கிறது. விலை குறைந்த ஃபோர்க்குகளில் முதல் வேலைக்குக் கம்பிச் சுருள் உண்டு. இரண்டாவது வேலைக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதனால்தான் அவை பள்ளத்தில் ‘டக்’கென்று இடித்து, அடுத்த நொடி ஹேண்டில்பாரை முகத்துக்கு எதிரே தூக்கி எறிகின்றன.

ஃபோர்க் எவ்வளவு அமுங்கும் என்பதை ‘டிராவல்’ என்று மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். சாதாரண மண்பாதைக்கும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கும் 80 முதல் 120 வரை. பாறையும் வேரும் படிக்கட்டும் கலந்த பாதைக்கு 120 முதல் 150. மலையிலிருந்து நேராகப் பாய்ந்து இறங்கும் டவுன்ஹில்லுக்கு 200. 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மவுன்டன் பைக் போட்டி நடந்தது. அத்தகைய போட்டிகளில் கிராஸ் கன்ட்ரிக்கும் டவுன்ஹில்லுக்கும் வரும் சைக்கிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் வெவ்வேறு வாகனங்கள் என்றே தோன்றும். எண் பெரிதாக இருந்தால் சைக்கிள் உசத்தி என்று அர்த்தமில்லை. பாதை வேறு என்று அர்த்தம்.

100 மி.மீ. ஃபோர்க்குக்கு வடிவமைத்த ஃபிரேமில் 120 மி.மீ. ஃபோர்க்கை மாட்டிவிட ஆசைப்படுபவர்கள் உண்டு. முன்பக்கம் எழும்பி, ஸ்டீயரிங் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும். அதைவிட நீளமான ஃபோர்க் என்றால் ஃபிரேமின் கழுத்துக்குப் பாரம் கூடும், வாரண்டியும் போய்விடலாம்.

கடையில் ஃபோர்க்கைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, உடல் எடையை ஹேண்டில்பாரில் போட்டு அழுத்துங்கள். இழையாமல், சத்தமில்லாமல் இறங்க வேண்டும். கையை எடுத்தால் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும். துள்ளினால் டேம்பர் இல்லை. பிறகு ஃபோர்க்கின் வலது கால் உச்சியில் இருக்கும் ‘லாக்அவுட்’ குமிழைத் திருப்பி அழுத்துங்கள். ஃபோர்க் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். திவே காட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது உதவுவது இந்தக் குமிழ்தான். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் குனிந்து எழுந்து, தொடையின் வலுவைத் தின்னும். கடைசியாக, பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று கை உணர்ந்தால், ஒன்று ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் இடத்துப் பேரிங்) தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபோர்க் தேய்ந்திருக்கிறது.

இடது கால் உச்சியில் இருக்கும் குமிழைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஸ்பிரிங்கைத் தொடக்கத்தில் கொஞ்சம் அமுக்கி வைக்கும். ஸ்பிரிங்கின் பலம் மாறாது. நடுத்தர எடைக்காக வைத்த சுருள் 95 கிலோ மனிதருக்குத் தாங்காது, 48 கிலோ பெண்ணுக்கு அசையாது. இங்கேதான் காற்று ஃபோர்க் உபயோகமாகிறது. சுருளுக்குப் பதில் அழுத்தக் காற்று. தனி பம்ப்பால் எடைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். சுருள் ஃபோர்க் இரண்டரைக் கிலோவை நெருங்கும்; காற்று ஃபோர்க் அதைவிட இலேசு.

சரியான காற்றை அளப்பதும் எளிது. ஃபோர்க்கின் பளபளக்கும் காலில் ரப்பர் வளையம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு கேபிள் டையைக் கட்டிக்கொள்ளலாம். அதைக் கீழே தள்ளிவிட்டு, சைக்கிளில் மெதுவாக ஏறி ஓட்டும் நிலையில் நின்று, துள்ளாமல் இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் வளையம் 15 முதல் 25 மி.மீ. வரை நகர்ந்திருந்தால் காற்று சரி. அதற்குக் குறைவென்றால் காற்று அதிகம். கூடுதலென்றால் காற்று போதவில்லை.

டபுள் என்னும் மயக்கம்

நடுவில் தடித்த ஸ்பிரிங், முன்னால் இரட்டைக் குழாய் ஃபோர்க், இரண்டு டிஸ்க் பிரேக். பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு இதன்மேல் ஆசை அதிகம். குறைந்த விலையில் இத்தனையும் கொடுக்க வேண்டுமென்றால், கம்பெனி எங்கோ மிச்சம் பிடித்தாக வேண்டும். கனமான இரும்பு ஃபிரேம், டேம்பர் இல்லாத பின் ஸ்பிரிங், பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் போட்ட மூட்டுகள் என்று அந்த மிச்சம் வெளிப்படுகிறது. ஏற்றத்தில் இதை மிதிப்பது ஊஞ்சலில் உட்கார்ந்து படியேறுவது போல. மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே கரைகிறது.

நல்ல முன்பின் சஸ்பென்ஷன் இந்தக் குறையைக் கோணக் கணக்காலும் டேம்பராலும் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அதற்கான விலை இந்தியாவில் ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. பராமரிப்பும் தனி. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. பின் ஷாக்குக்கும் மூட்டுப் பேரிங்குகளுக்கும் இதேபோலக் கவனிப்பு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனே மழையில் டேக்டிச் சேற்றை வாரிக்கொண்டு வரும் சைக்கிளுக்கு இந்தக் கெடு இன்னும் சீக்கிரம் வரும். மலிவான ஃபோர்க்கின் இரும்புக் கால்கள் ஒரே மழைக்காலத்தில் துருப் புள்ளி போடும்; அந்தத் துரு, மேலும் கீழும் போய் வந்து ரப்பர் சீலை அறுக்கும். சேற்றை உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது பேரிங்குக்குக் கேடு. வாளித் தண்ணீர், துணி, பிறகு ஃபோர்க் காலை உலரத் துடைப்பது போதும்.

சஸ்பென்ஷனில் மிச்சப்படும் பணம் எங்கே போகலாம்? முதலில் டயருக்கு. 2.1 அல்லது 2.25 இன்ச் அகல டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே கைக்கு வரும் அதிர்வு பாதி குறைந்தது போல இருக்கும். 65, 70 கிலோ எடையுள்ளவர் டேக்டிக்கு 30 முதல் 40 பி.எஸ்.ஐ., தார்ச்சாலைக்கு 45, 50 என்று வைத்துப் பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. மிகக் குறைத்தாலும் கல் விளிம்பில் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். கருவேல முள் வேறு இருக்கிறது. ஒரு ட்யூபும் பம்பும் பையில் இருந்தே ஆக வேண்டும். அடுத்தது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். திவே காட் இறக்கத்தில் ஒரு விரலால் அழுத்தி நிறுத்த முடிவது, பின்பக்க ஸ்பிரிங் தரும் எந்தச் சுகத்தையும்விடப் பெரிது.

யாருக்கு எது?

வீட்டிலிருந்து சைபர்சிட்டி, அங்கிருந்து கடைவீதி, ஞாயிறன்று ஆறு சுற்று என்று மகர்பட்டாவுக்குள்ளேயே ஓட்டுபவருக்கு சஸ்பென்ஷனே வேண்டாம். கட்டி ஃபோர்க், நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் போதும். வேகம் கூடும், எடை குறையும், கழற்ற ஒன்றும் இருக்காது.

வாரம் முழுக்க அலுவலகம், சனி ஞாயிறில் ராம்தரா, திவே காட், போப்தேவ் என்று போகிறவருக்கு 100 மி.மீ. ஃபோர்க், லாக்அவுட், ஹைட்ராலிக் பிரேக் உள்ள ஹார்ட்டெயில். மகர்பட்டாவில் மவுன்டன் பைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான். ஏறக்குறைய முப்பதாயிரம் முதல் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல தேர்வுகள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதும் உதவும்.

வேதாள் டேக்டியில் பாறையும் படியும் பார்த்து வாராவாரம் ஓட்டுபவர் காற்று ஃபோர்க் வரை போகலாம், 120 மி.மீ. போதும். அங்கே அதிகாலையில் நடப்பவர்கள்தான் முதல் உரிமைக்காரர்கள். குன்றின் குறுக்கே சாலை போடுவதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருபவர்களும் அவர்கள்தான். வேகத்தைக் குறைத்து, மணி அடித்து, ஒதுங்கிப் போவது சைக்கிள்காரரின் கடமை.

2005-ல் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா மாதிரியான பல நாள் மலைப் பந்தயத்துக்கு இமாச்சலம் போக நினைப்பவருக்கு மட்டுமே முன்பின் சஸ்பென்ஷன் கணக்கு ஒத்துவரலாம். அவரும் முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஃபிரேம் அளவு கேட்டு வாங்கிய காலத்துச் சைக்கிள்களைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் புனேயின் கர்வே நகரில் 2017-ல் திறந்த விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காகச் செய்த மடக்கு பி.எஸ்.ஏ. சைக்கிள்கூட அங்கே உண்டு.

பண்டிகைத் தள்ளுபடியில் செல்போனில் ஆர்டர் போடும் முன், உள்கால் அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரு கடைக்காவது நேரில் போய் வாருங்கள். அந்த அளவுக்கு உரிய ஃபிரேமிலும், ஒரு சைஸ் கூடவும் ஒரு சைஸ் குறைவாகவும் உள்ள ஃபிரேம்களிலும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். உங்கள் சைஸ் ஸ்டாக்கில் இல்லை, அடுத்த சைஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.